மைனஸ்ல வந்த நியூட்ரினோ மாஸ்: ஒரு எம்எஸ்சி ப்ராஜெக்ட்டும் ட்ரிட்டியம் மாலிக்யூலும்

பிப்ரவரி கடைசி, தாளடி அறுப்பு முடிஞ்சு வயல்ல உளுந்து முளைச்சு நிக்கிற நேரம். நைட் ஒன்பதரைக்கு வாட்ஸ்அப்ல ஒரு ஸ்க்ரீன்ஷாட் வருது, கூடவே ஒரே ஒரு வரி: "சார், மாஸ் ஸ்கொயர் மைனஸ்ல வருது சார்." அனுப்புனது நம்ம எம்எஸ்சி ஃபைனல் இயர் பையன், வலங்கைமான் பக்கம், வீட்ல விவசாயம். நான் கும்பகோணம் பக்கத்துல ஒரு காலேஜ்ல கெஸ்ட் லெக்சரரா இருக்கேன், அவனுக்கு ப்ராஜெக்ட் கைடு நான்தான். நான் திருப்பி அனுப்புன பதில், "கோட்ல பக் இருக்கும், பாரு". அந்த பதில் தப்பு. அது தப்புன்னு ஒத்துக்கவே எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு, அந்த ரெண்டு வாரக் கதையைத்தான் எழுதுறேன், ஏன்னா இதே மைனஸ்ல உலகத்துல பெரிய லேப் ரெண்டு பல வருஷம் மாட்டிக்கிட்டு நின்னுச்சு.

முதல்ல ப்ராஜெக்ட் என்னன்னு சொல்லிடறேன். எங்க லேப்ல ஒரு ஜிஎம் கவுண்டர் (கதிர்வீச்சை எண்ணுற கருவி) இருக்கு, அது மூட் சரியா இருந்தா எண்ணும். அதனால எக்ஸ்பெரிமெண்ட் பேச்சே இல்ல, லேப்டாப்ல சிமுலேஷன் மட்டும்தான். ட்ரிட்டியம் பீட்டா சிதைவுல வர்ற எலக்ட்ரானோட எனர்ஜி ஸ்பெக்ட்ரத்தை (எந்த எனர்ஜியில எத்தனை எலக்ட்ரான்ங்கிற வரைபடம்) கூகுள் கோலாப்ல பைத்தான் எழுதி உருவாக்கணும், அப்புறம் அதையே ஃபிட் பண்ணி, அதாவது ஃபார்முலாவை அதோட பொருத்திப் பார்த்து, நியூட்ரினோ மாஸை திருப்பி எடுக்கணும். நாம போட்ட மாஸ் பூஜ்யம்னா பூஜ்யம் திரும்பி வரணும், அவ்ளோதான் வேலை.

ட்ரிட்டியம்னா ஹைட்ரஜனோட கனமான அண்ணன், ஒரு புரோட்டான் ரெண்டு நியூட்ரான். ஹாஃப் லைஃப் 12.3 வருஷம். சிதையும்போது ஹீலியம் 3 ஆகுது, ஒரு எலக்ட்ரானும் ஒரு ஆன்டிநியூட்ரினோவும் (நியூட்ரினோவோட எதிர்த்துகள், சுருக்கமா நியூட்ரினோன்னே சொல்றேன்) வெளிய வருது. மொத்தமா 18.6 கிலோ இவி எனர்ஜி (இவின்னா எலக்ட்ரான் வோல்ட், அணு அளவுல எனர்ஜிக்கான அலகு, மாஸையும் இதுலயே சொல்லுவாங்க), அதை எலக்ட்ரானும் நியூட்ரினோவும் பங்கு போட்டுக்கும். நியூட்ரினோவை பிடிக்க முடியாது, எலக்ட்ரானை அளக்கலாம். நியூட்ரினோவுக்கு மாஸ் இருந்தா, அது எவ்ளோ கம்மியா எடுத்துக்கிட்டாலும் தன்னோட மாஸுக்குண்டான எனர்ஜியை எடுத்தே ஆகணும், அதனால எலக்ட்ரானால 18.6 கிலோ இவியை முழுசா தொட முடியாது, ஸ்பெக்ட்ரத்தோட நுனி கொஞ்சூண்டு வளைஞ்சு முன்னாடியே முடியும். 1934ல ஃபெர்மி பீட்டா சிதைவுக்கு தியரி எழுதுனப்பவே இதை சொல்லிட்டார், நுனியோட ஷேப்பை பார்த்தா மாஸ் தெரியும்னு.

பிரச்சனை என்னன்னா அந்த நுனியில ஆளே கிடையாது. நம்ம ஊர்ல கடைமடைன்னு சொல்லுவோம்ல, கல்லணைல திறந்த தண்ணி எத்தனையோ ஆறு வாய்க்கால்னு பிரிஞ்சு தலைஞாயிறு வேதாரண்யம் பக்கம் போறப்போ எவ்ளோ மிஞ்சும், அந்த மாதிரி. கடைசி 1 இவிக்குள்ள வர்ற எலக்ட்ரான் சுமார் 5 லட்சம் கோடி சிதைவுல ஒண்ணுதான். கடைமடைக்கு ஏன் தண்ணி கம்மியா வந்துச்சுன்னு கேட்டா, வழியில எவ்ளோ ஊறிப் போச்சுன்னு முதல்ல கணக்கு தெரியணும், அது தெரியாம நடுவுல யாரோ மோட்டார் வச்சு இழுத்துட்டான்னு சொல்லக்கூடாது. ட்ரிட்டியத்துல வழியில ஊறுறது எங்கன்னா, மாலிக்யூலுக்குள்ள.

ஏன்னா எக்ஸ்பெரிமெண்ட்ல யாரும் தனி ட்ரிட்டியம் அணுவை வச்சு வேலை பார்க்கல, அது நிக்காது, ரெண்டு ரெண்டா சேர்ந்து மாலிக்யூலாதான் இருக்கும். அதுல ஒரு ட்ரிட்டியம் சிதைஞ்சதும் மிச்சம் இருக்குறது ஹீலியமும் ட்ரிட்டியமும் ஒட்டிக்கிட்டு ஒரு பாசிட்டிவ் சார்ஜோட நிக்கிற ஒரு அயான். (இதோட சாதா ஹைட்ரஜன் வெர்ஷன் ஹீலியம் ஹைட்ரைடு அயான், பிரபஞ்சத்துல முதல் முதலா உருவான மாலிக்யூல்னு சொல்றாங்க, 1925லயே லேப்ல பார்த்தாச்சு, ஆனா விண்வெளியில கண்டுபிடிச்சு அறிவிச்சது 2019லதான். சம்பந்தமில்லாத தகவல், ஆனா சொல்லாம இருக்க முடியல.)

இந்த அயான் சும்மா உருவாகாது, அதுக்குள்ள ரெண்டு விதமா கலாட்டா நடக்குது. ஒண்ணு எலக்ட்ரான் பக்கம். பீட்டா எலக்ட்ரான் ஒளி வேகத்துல கால்வாசிக்கு மேல வேகமா கிளம்பி போயிடுது, அது போன அதே க்ஷணம் நியூக்ளியஸோட சார்ஜ் 1ல இருந்து 2 ஆகுது, மாலிக்யூல்ல ஏற்கனவே இருக்குற ரெண்டு எலக்ட்ரானுக்கும் எதுவும் புரியறதுக்கு முன்னாடி வீட்டு ஓனர் மாறிட்டான். அவங்க உக்காந்த இடம் புது வீட்டுக்கு பொருந்தாது. தியரி கணக்குப்படி சுமார் 57 சதவீதம் சிதைவுலதான் அவங்க புது அயானோட கிரவுண்ட் ஸ்டேட்ல (எனர்ஜி ரொம்ப கம்மியான நிலை) போய் உக்காருறாங்க, மிச்ச 43 சதவீதம் எக்ஸைடட் ஸ்டேட் (எனர்ஜி கூடுதலான நிலை), அது சுமார் 20 இவிக்கு மேலதான் ஆரம்பிக்குது, சில நேரம் எலக்ட்ரான் பிச்சிக்கிட்டே போயிடும். அந்த எனர்ஜி எல்லாம் பீட்டா எலக்ட்ரானோட பங்குல இருந்துதான் போகுது.

இன்னொண்ணு ரீகாயில். எலக்ட்ரான் கிளம்புறப்போ ஹீலியத்தை பின்னாடி உதைச்சுட்டு போகும். தனி அணுவா இருந்தா நுனி பக்கத்துல அந்த உதை 3.4 இவி. மாலிக்யூலா இருக்குறதால அதுல பாதி, 1.7 இவி, மொத்த மாலிக்யூலும் நகர்றதுக்கு போகுது, இன்னொரு பாதி 1.7 இவி உள்ள அதிர்வும் சுழற்சியுமா மாறுது. ஆனா இந்த ரெண்டாவது 1.7 ஒரு சராசரி, ஒவ்வொரு சிதைவுலயும் அதே 1.7 கிடையாது. ஏன்னா ட்ரிட்டியம் மாலிக்யூல் எவ்ளோ குளிர வச்சாலும் ரெண்டு அணுவும் ஆடிக்கிட்டேதான் இருக்கும், குவாண்டம் மெக்கானிக்ஸ் அதை நிக்க விடாது. ஊஞ்சல் நம்மள பாத்து வர்றப்போ தள்ளுறதுக்கும் நம்மள விட்டு போறப்போ தள்ளுறதுக்கும் எவ்ளோ வித்தியாசம், அதே கதை. அதனால கிரவுண்ட் ஸ்டேட்டே ஒரு கோடா இல்லாம 0.4 இவி சிக்மா (பரவலோட அகலம்) இருக்குற ஒரு குமிழா பரவி நிக்குது.

இப்போ பையன் கதைக்கு வர்றேன். டேட்டா உருவாக்குறப்போ அவன் 0.4 பரவலோட, குமிழா போட்டிருந்தான், பேப்பர் படிச்சு சரியா பண்ணிருந்தான். ஃபிட் பண்ற ஃபங்ஷன்ல மட்டும் ஒரே கோடு, 1.7 இவி. கடைசி 15 இவி மட்டும் எடுத்தான், அதனால எக்ஸைடட் ஸ்டேட் தொல்லை இல்ல. ராண்டம் நாய்ஸும் சேர்க்கல, சுத்தமான டேட்டா, போட்ட மாஸ் பூஜ்யம். வந்த பதில் மாஸ் ஸ்கொயர் மைனஸ் 0.3ஐ ஒட்டி. இங்க ஒரு விஷயம், ஃபார்முலாவுல மாஸ் தனியா வராது, ஸ்கொயராதான் வரும், அதனால ஃபிட்டை மைனஸ் பக்கமும் போக விட்டாதான் நேர்மையான ஃபிட், எல்லா எக்ஸ்பெரிமெண்ட்டும் அப்படித்தான் பண்றாங்க. நிஜத்துல எந்த எண்ணையும் ஸ்கொயர் பண்ணா மைனஸ் வராது, அதனால எர்ரர் பாரை தாண்டி மைனஸ் வந்துச்சுன்னா எங்கயோ எதையோ விட்டுட்டோம்னு அர்த்தம்.

நாங்க பார்த்தது எல்லாம்: பின் சைஸ் மாத்தினோம், எண்ட்பாயிண்ட்டை (ஸ்பெக்ட்ரம் முடியுற நுனி எனர்ஜி) ஃபிக்ஸ் பண்ணியும் ஃப்ரீயா விட்டும் பார்த்தோம், மினிமைசர் மாத்தினோம், அவன் ஃபோன் ஹாட்ஸ்பாட் டேட்டா தீர்ற வரைக்கும் ஓட்டினோம். மைனஸ் அசையவே இல்ல. நாய்ஸ் இல்லாத டேட்டால இவ்ளோ பிடிவாதமா ஒரே இடத்துல நிக்குதுன்னா அது பக் மாதிரி தெரியலன்னு பையன்தான் முதல்ல சொன்னான்.

அந்த 1.7ஐ எங்கருந்து எடுத்தன்னு கேட்டேன். "உங்க நோட்ஸ்ல இருந்துதான் சார்." எடுத்துப் பார்த்தா ஆமா, என் கையெழுத்துல, 'மாலிக்யூல் எக்ஸைட்டேஷன்: சராசரி 1.7 இவி, எண்ட்பாயிண்ட்ல கழிச்சுக்கவும்'. பத்து வருஷமா இதைத்தான் க்ளாஸ்ல சொல்லிட்டு வர்றேன்.

அவன் ஒரு நியாயமான கேள்வி கேட்டான். அந்த வாரம்தான் அவங்க அப்பா கொள்முதல் நிலையத்துல நெல் போட்டுட்டு வந்திருக்கார், அங்க ஈரச் சாக்கு காஞ்ச சாக்கு எல்லாத்துக்கும் ஒரே எடைதான் கழிச்சிருக்காங்க, வீட்ல அதுக்கு ஒரே சண்டை. "ஆனா சார், சாக்கோட சராசரி சரியா இருந்தா மொத்த மூட்டைக்கும் சேர்த்து கணக்கு சரியாத்தானே வரும், இங்க மட்டும் ஏன் வரல?" கரெக்ட், மூட்டைக்கு வரும். எடையை கூட்டுறோம், அவ்ளோதான், கூட்டுறப்போ சராசரி போதும். ஆனா ட்ரிட்டியத்தோட நுனி நேர்கோடு இல்ல. நுனியில இருந்து எவ்ளோ தள்ளி இருக்கோமோ அதோட ஸ்கொயர்ல எண்ணிக்கை ஏறும்.

டீக்கடை பில் பின்னாடி போட்ட கணக்கு இது. நுனியில இருந்து 10 இவி தள்ளி நிக்கிறோம்னு வச்சுக்க. பரவலே இல்லன்னா எண்ணிக்கை 10 ஸ்கொயர், 100. இப்போ பாதி மாலிக்யூல் 1 இவி கூடுதலா முழுங்குது, பாதி 1 இவி கம்மியா முழுங்குது, சராசரி மாறவே இல்ல. பாதிக்கு தூரம் 9, பாதிக்கு 11. 81ம் 121ம், சராசரி 101. பரவல் ஒரு எண்ணிக்கையை சும்மா கூட்டி விட்டுச்சு. நியூட்ரினோ மாஸ் என்ன பண்ணும்? அது எண்ணிக்கையை குறைக்கும், மாஸ் ஸ்கொயர்ல பாதி அளவு குறைக்கும். 100க்கு பதிலா 101 வந்தா, ஃபிட்டுக்கு பரவல்னு ஒண்ணு இருக்குறதே தெரியாததால, அந்த ஒண்ணை விளக்க அதுக்கு இருக்குற ஒரே வழி மாஸ் ஸ்கொயரை மைனஸ் 2ன்னு சொல்றது. அதாவது விட்டுப்போன வேரியன்ஸ் (சிக்மாவோட ஸ்கொயர்) எவ்ளோவோ அதை ரெண்டால பெருக்கி மைனஸ் போட்டா அதுதான் பொய் மாஸ். 0.4ஐ ஸ்கொயர் பண்ணு, 0.16, ரெண்டால பெருக்கு, 0.32. பையன் ஃபிட்டோட பதில்.

அவன் சிரிச்சான், எனக்கு சிரிப்பு வரல, பத்து பேட்ச் பசங்க ஞாபகம் வந்துச்சு.

இதே தப்பு பெரிய அளவுல எப்படி நடந்துச்சுன்னு பார்ப்போம், எனக்கு இதுலதான் அதிக ருசி. 1980ல மாஸ்கோ ஐடெப் லேப்ல லூபிமோவ் குழு நியூட்ரினோ மாஸ் 14க்கும் 46க்கும் நடுவுல இருக்குன்னு அறிவிச்சாங்க, இவி கணக்குல. உலகமே ஆடிப்போச்சு, அவ்ளோ மாஸ் இருந்தா டார்க் மேட்டர் பிரச்சனையே தீர்ந்துடும்னு பேச்சு. அவங்க வச்சிருந்த ட்ரிட்டியம் 'வேலின்'ங்கிற ஒரு அமினோ அமிலத்துக்குள்ள இருந்துச்சு. அவ்ளோ பெரிய மாலிக்யூல் சிதைவுக்கு அப்புறம் எவ்ளோ எனர்ஜியை உள்ள வச்சுக்கும்னு அன்னிக்கு துல்லியமா கணக்கு போட வழியில்ல. அப்புறம் வந்த எக்ஸ்பெரிமெண்ட்கள்ல அந்த மாஸ் காணாம போச்சு. இந்த கணக்குச் சிக்கலாலதான் அமெரிக்காவோட லாஸ் அலமோஸ் லேப்ல ராபர்ட்சன் குழு வெறும் ட்ரிட்டியம் வாயுவை எடுத்தாங்க, ரெண்டே எலக்ட்ரான் இருக்குற மாலிக்யூல், கணக்கு போடலாம்.

1991ல ரிசல்ட். மாஸ் 9.3 இவிக்கு கீழன்னு ஒரு எல்லை கிடைச்சுது, லூபிமோவ் கதை முடிஞ்சுது, சந்தோஷம். ஆனா மாஸ் ஸ்கொயர் மைனஸ் 147, எர்ரர் 68ம் 41ம் (முதல்ல எண்ணிக்கையால வர்றது, அடுத்தது முறையால வர்றது). சரி, ரெண்டு சிக்மா, அதாவது மொத்த எர்ரரைப் போல சுமார் ரெண்டு மடங்குதான், அதிர்ஷ்டக் குறைவுன்னு விட்டுடலாம். 1995ல அமெரிக்காவோட இன்னொரு லேப் லிவர்மோர்ல ஸ்டோஃபிலும் டெக்மனும் அதே மாதிரி வாயு ட்ரிட்டியம் வச்சு பண்ணாங்க, மைனஸ் 130, எர்ரர் 20ம் 15ம். இது அதிர்ஷ்டம் இல்ல. ரெண்டு வேற லேப், வேற மெஷின், ஒரே பக்கம் ஒரே அளவு சாயுது. ரெண்டுக்கும் பொதுவா இருந்தது மாலிக்யூல் எக்ஸைட்டேஷன் டேபிள் (மாலிக்யூல் எவ்ளோ எனர்ஜியை எத்தனை சதவீதம் சிதைவுல வச்சுக்கும்ங்கிற பட்டியல்), 1985ல ஃபேக்லர் குழு போட்ட கணக்கு.

2000ல ஸைன்ஸ், யோன்செல், ஃப்ரேலிக் மூணு பேரும் இதை இன்னும் துல்லியமா திரும்பப் போட்டாங்க. 2015ல போடைன், பார்னோ, அதே ராபர்ட்சன் (24 வருஷம் கழிச்சு தன்னோட பழைய மைனஸை தானே தேடி வந்திருக்கார், எனக்கு இந்த ஆள் மேல தனி மரியாதை) சேர்ந்து ரெண்டு டேபிளையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பார்த்தாங்க. பழைய டேபிளோட வேரியன்ஸ் சுமார் 611, புதுசோடது சுமார் 694.5, இவி ஸ்கொயர்ல. இந்த வேரியன்ஸ்ல 0.4 குமிழுக்கு பங்கே கிடையாது, எல்லாம் மேல தூரத்துல இருக்குற எக்ஸைடட் ஸ்டேட்டும் எலக்ட்ரான் பிச்சிக்கிட்டு போற பகுதியும்தான், அந்த ரெண்டு எக்ஸ்பெரிமெண்ட்டும் ஸ்பெக்ட்ரத்துல ரொம்ப அகலமான துண்டை எடுத்து ஃபிட் பண்ணதால அது முழுசா உள்ள வந்துடுச்சு. வித்தியாசம் 83 சொச்சம். பையன்கிட்ட ரெண்டால பெருக்கச் சொன்னேன். 167. மைனஸ் 147ல கூட்டு, ப்ளஸ் 20. மைனஸ் 130ல கூட்டு, ப்ளஸ் 37. பேப்பர்ல இருக்குற பதிலும் அதேதான். 20 எர்ரருக்குள்ள பூஜ்யம், 37ம் கிட்டத்தட்ட ஒன்றரை சிக்மாதான்.

மெஷின்ல தப்பே இல்ல. காந்தம் சரி, டிடெக்டர் சரி, ராப்பகலா உக்காந்து எண்ணுனவங்க சரி. டேபிள்ல ஒரு வால் கொஞ்சம் குட்டையா இருந்துச்சு.

அப்போ புது டேபிளை மட்டும் எப்படி நம்புறதுன்னு பையன் விடல, விடவும் கூடாது. இதுக்கு இன்னொரு குட்டிக் கதை இருக்கு. 1950கள்லயே இதை செக் பண்ண ஒரு வழி இருந்துச்சு: ஒரு ட்ரிட்டியம் ஒரு சாதா ஹைட்ரஜன் சேர்ந்த மாலிக்யூலை எடுத்து, சிதைஞ்சதுக்கு அப்புறம் எத்தனை சதவீதம் உடையாம ஒட்டிக்கிட்டே இருக்குன்னு எண்ணுறது. அப்போ ரெண்டு குழு தனித்தனியா அளந்தாங்க, ஒருத்தர் 89.5 சதவீதம், இன்னொருத்தர் 93.2. தியரி சொல்றது 55ல இருந்து 57. ரெண்டு அளவீடும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகுது, தியரி மட்டும் தனியா நிக்குது. சாதாரணமா இப்படி இருந்தா தியரியைத்தான் தூக்கிப் போடுவோம், ஆனா நியூட்ரினோ மாஸ் ஆளுங்க எல்லாரும் அந்த தியரியைத்தான் உபயோகிச்சுக்கிட்டு இருந்தாங்க, ஒரு மாதிரி கண்ணை மூடிக்கிட்டுன்னுதான் நான் சொல்வேன். கடைசியில வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல இதுக்குன்னே ட்ரிம்ஸ்னு ஒரு எக்ஸ்பெரிமெண்ட் கட்டி 2020ல ரிசல்ட் போட்டாங்க, 56.5 சதவீதம், எர்ரர் 0.6. தியரி சொன்ன இடத்துலயே வந்து நின்னுச்சு. அறுபது வருஷ சந்தேகம்.

இது டேபிள் முழுக்க சரின்னு காட்டிடாது, சதவீதம் ஒரு எண், டேபிள்ல பரவலோட ஷேப் முழுசா இருக்கு. ஆனாலும் பெரிய முள் ஒண்ணு எடுத்தாச்சு.

இதுல கடைசியா பெரிய ரிசல்ட் குடுத்தது ஜெர்மனி கார்ல்ஸ்ரூவோட கேட்ரின் எக்ஸ்பெரிமெண்ட். அதோட மெயின் ஸ்பெக்ட்ரோமீட்டர் 23 மீட்டர் நீளம், 10 மீட்டர் விட்டம், 200 டன். செஞ்ச ஊர்ல இருந்து நேரா போனா நானூறு கிலோமீட்டர் கூட இல்ல, ஆனா ரோட்ல கொண்டு போக முடியாம 2006ல டான்யூப் நதியில இறக்கி கருங்கடல், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக்னு சுத்தி ரைன் வழியா சுமார் 9000 கிலோமீட்டர் கொண்டு வந்தாங்க, கடைசியில ஊருக்குள்ள வீடுகளுக்கு நடுவுல அது நகர்ற ஃபோட்டோவை பார்த்தா திருவாரூர் ஆழித்தேர் முக்கு திரும்புற மாதிரியே இருக்கும். அவங்க கடைசி 40 இவி மட்டும்தான் எடுத்தாங்க, அதனால அந்த தூரத்து வால் தொல்லை பெரும்பாலும் போச்சு, ஆனா 20 இவிக்கு மேல ஆரம்பிக்கிற எக்ஸைடட் ஸ்டேட் உள்ளதான் இருக்கு, குமிழும் இருக்கு. 2025ல சயின்ஸ் இதழ்ல வந்த ரிசல்ட் 259 நாள் டேட்டா, 3.6 கோடி எலக்ட்ரான், மாஸ் 0.45 இவிக்கு கீழ. மாஸ் ஸ்கொயர் எவ்ளோன்னு பார்த்தா மைனஸ் 0.14, எர்ரர் ஏறக்குறைய அதே அளவு. மைனஸ்தான், ஆனா இது யாரையும் தூக்கத்துல இருந்து எழுப்பாத மைனஸ்.

பையன் அதை பார்த்ததும், "அப்போ நம்ம மைனஸ் 0.32 இவங்களோடதை விட ரெண்டு மடங்கு பெருசு சார்"ன்னான். ஆமா, அதுதான் விஷயமே. லாஸ் அலமோஸ் காலத்துல 0.4 குமிழை மறந்திருந்தா கூட யாருக்கும் தெரிஞ்சிருக்காது, 68 எர்ரர்ல 0.32 எந்த மூலைக்கு. இன்னிக்கு மறந்தா எக்ஸ்பெரிமெண்ட்டே காலி. மெஷின் நல்லா ஆக ஆக மாலிக்யூல் பத்தி நமக்கு தெரியாதது பெருசா தெரியுது. இதுக்கும் கீழ போகணும்னா, ஆசிலேஷன் (நியூட்ரினோ ஒரு வகையில இருந்து இன்னொரு வகைக்கு மாறுறது) டேட்டா படி குறைஞ்சது ஒரு நியூட்ரினோவாவது சுமார் 0.05 இவி இருக்கணும், அங்க போக 0.4 குமிழோட மல்லுக்கட்டி பிரயோஜனம் இல்ல. அதான் ப்ராஜெக்ட் 8ன்னு ஒரு குழு மாலிக்யூலையே வேண்டாம்னு தனி ட்ரிட்டியம் அணுவுக்கு போகப் பாக்குறாங்க, குறி 0.04 இவி. தனி அணுன்னா அதிர்வு சுழற்சி எதுவும் இல்ல, 70 சதவீதம் கிரவுண்ட் ஸ்டேட், அடுத்த ஸ்டேட் 40.8 இவி தள்ளிதான். நடுவுல சுத்தமா காலி. ஆனா அணு பாத்திரத்தோட சுவத்தை தொட்டுச்சுன்னா ஜோடி சேர்ந்து மறுபடி மாலிக்யூல் ஆயிடும், அதனால காந்தத்தாலயே அந்தரத்துல பிடிச்சு வச்சிருக்கணும், அது லேசுப்பட்ட வேலை இல்ல.

பையன் ஃபிட்ல ஒரு கோட்டுக்கு பதிலா குமிழைப் போட்டு திரும்ப ஓட்டினான், மைனஸ் போயிடுச்சு, பூஜ்யம் வந்துச்சு. வைவால எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கேட்ட முதல் கேள்வியே "மாஸ் ஸ்கொயர் எப்படிப்பா மைனஸ் வரும்", அவன் போர்டுல 81ம் 121ம் எழுதிக் காட்டினான், அதுக்கு மேல அவர் கேட்கல. முடியாம நிக்கிறது ஒண்ணு இருக்கு: துண்டை 60 இவிக்கு அகலமாக்கி எக்ஸைடட் ஸ்டேட்டையும் சேர்த்து பண்ற ஃபிட். அவன் போட்டது சமச்சீரான குமிழ், நிஜ டேபிள் ஒரு பக்கம் சாஞ்சு இருக்கும், அதையும் மாத்தணும். இந்த வருஷம் மன்னார்குடி பக்கத்துல இருந்து வர்ற ஒரு பொண்ணு அவனோட பைத்தான் ப்ரோக்ராமை வாங்கிருக்கா. நோட்ஸை அவகிட்ட குடுக்குறதுக்கு முன்னாடி அந்த 1.7 வரியை அடிச்சுட்டு பக்கத்துல 'சராசரி மட்டும் பத்தாது, பரவல் 0.4'ன்னு எழுதிட்டேன்.